தங்கம் வென்ற வாத்தியார்



சென்ற வாரம் ஒரு நாள் சாயங்காலம், பவானியில் ஒரு மைதானத்தின் ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் காலில் செருப்புகூட இல்லை. பந்து ஒரு பையனின் இடது கால் பக்கம் வந்தது. எதிரே கோல் காலியாக இருந்தது. ஆனால் அவன் இடது காலால் அடிக்கவில்லை. சுற்றித் திரும்பி, வலது காலுக்குப் பந்தைக் கொண்டுவந்தான். அதற்குள் இன்னொருவன் ஓடிவந்து பறித்துக்கொண்டான்.

"ஏன் கண்ணு, இடது காலாலேயே அடித்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எனக்கு லெஃப்ட்டுல வராதுங்க சார்" என்றான்.

வராது என்று அவன் சொன்னதும் எனக்கு ஒருவர் நினைவு வந்தது. 'வராது' என்ற சொல்லையே ஏற்றுக்கொள்ளாதவர் அவர். நம்மைப் போல ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கால்பந்து ஆடியவர், ஆடக் கற்றுக்கொடுத்தவர், ஆட்டத்தை நடத்தும் சங்கத்தையும் கட்டிக் காத்தவர். இந்தியக் கால்பந்து அணிக்கு இரண்டு முறை ஆசியத் தங்கம் வாங்கித் தந்தவர். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம். எல்லோரும் அவரை 'ரஹீம் சாகிப்' என்று மரியாதையோடு அழைத்தார்கள். அவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆசிரியரும் ஆட்டக்காரரும்

ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது ஹைதராபாத், நிஜாம் ஆண்ட தனி சமஸ்தானமாக இருந்தது. ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணிக்காகக் கால்பந்து ஆடினார். பிறகு உள்ளூர்க் கழகங்களுக்காகவும் ஆடினார்.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்கு வந்தார். ஹைதராபாத்தின் பல பள்ளிகளில் பாடம் நடத்தினார். உடற்கல்வியில் பட்டயப் படிப்பும் முடித்து, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். இப்போது நீங்கள் 'பி.டி. சார்' என்கிறீர்களே, அந்த வேலைதான்.

1943ஆம் ஆண்டு ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவருக்கு வந்தது. தாம் இறக்கும் வரை, அதாவது இருபது ஆண்டுகள், அந்தப் பொறுப்பில் இருந்தார். செயலாளர் என்றால் கையெழுத்துப் போடுவது மட்டும்தானா? இல்லை. யார் யாரோடு ஆடுவது, எந்த மைதானத்தில் ஆடுவது, நடுவர் யார், பணத்துக்கு என்ன வழி, சிறுவர்களுக்குப் போட்டி எப்போது என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மைதானத்தில் பதினொரு பேர் ஆடுவதற்குப் பின்னால் இப்படி ஒருவர் ஓடியாடி வேலை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் பெயர் பத்திரிகையில் வராது. ஆனால் அவர் இல்லாவிட்டால் ஆட்டமே நடக்காது.

இடது காலுக்கு ஒரு போட்டி

ரஹீம் சாகிப் ஒரு வேடிக்கையான போட்டி நடத்தினார். அதற்கு விதி என்ன தெரியுமா? உங்களுக்கு எந்தக் கால் பலமோ, அந்தக் காலால் அடிக்கக் கூடாது. பலமில்லாத காலால்தான் ஆட வேண்டும். வலது காலில் புலியாக இருப்பவன், இடது காலில் எலியாகிவிடுவான். முதல் நாள் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பத்து நாள் ஆடிப் பார்த்தால் அந்தக் காலுக்கும் பழக்கம் வந்துவிடும்.

இன்னொரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டே ஓடக் கூடாது. பந்து வந்தவுடன் அடுத்தவனுக்குத் தட்டிவிட வேண்டும். 'நான்தான் கோல் போடுவேன்' என்று பந்தைக் காலிலேயே வைத்துக்கொள்கிறவன் இதில் ஆடவே முடியாது. நண்பன் எங்கே நிற்கிறான் என்று தலையைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

நம் ஊர் ஜமக்காளத் தறியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் நெசவாளி, மிதியை இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிப்பார். 'எனக்கு வலது கால் மட்டும்தான் வரும்' என்று அவர் சொன்னால் ஜமக்காளம் வருமா? ரஹீம் சாகிப் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பழகினால் இரண்டு காலும் வரும்.

இப்படிப் பழக்கிய அவர், 1950இல் ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அப்போது பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பைப் போட்டி நாட்டின் பெரிய போட்டிகளில் ஒன்று. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அந்தக் கோப்பையை ஹைதராபாத் போலீஸ் அணியே வென்றது. நாடு முழுவதும் 'யார் இந்த வாத்தியார்?' என்று திரும்பிப் பார்த்தது.

முதல் தங்கமும் பத்துக் கோலும்

இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951இல் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி டெல்லியில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியா 1-0 என்ற கணக்கில் ஈரானை வென்றது. மேவாலால் என்ற வீரர் அந்தக் கோலை அடித்தார். நமக்கு முதல் தங்கம்!

அடுத்த ஆண்டே பெரிய அடி விழுந்தது. 1952இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் போட்டி. நம் வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். எதிரே யூகோஸ்லாவியா என்ற பலமான அணி. கணக்கு என்ன தெரியுமா? 10-1. அவர்கள் பத்து, நாம் ஒன்று.

குழந்தைகளே, கணக்குப் பரீட்சையில் நூற்றுக்குப் பத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது எப்படி இருக்கும்? நாடே பார்க்க அப்படித் தோற்றுத் திரும்பினால் எப்படி இருக்கும்? சிலர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். சிலர் அடுத்தவர்மேல் பழி போடுவார்கள். இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், இனி வீரர்கள் பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று விதி செய்தது. ரஹீம் சாகிப் மறுபடியும் மைதானத்துக்குப் போனார். பூட்ஸ் போட்டு ஓடவும், வேகமாகப் பந்தைக் கைமாற்றவும் வீரர்களைப் பழக்கத் தொடங்கினார். தவறிய கணக்கை அழித்துவிட்டு, முதலிலிருந்து போட்டுப் பார்ப்பதுதானே வாத்தியார் வழக்கம்?

வாடகை சைக்கிள்

செகந்திராபாத் பக்கம் அம்முகுடா என்ற இடத்தில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன் இருந்தான். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஏழை வீடு. பூட்ஸ் வாங்கக்கூட வசதியில்லை. பழைய போலீஸ் பூட்ஸைப் பிரித்து, செருப்புத் தைப்பவர் ஒருவர் செய்து கொடுத்ததைத்தான் போட்டுக்கொண்டு ஆடினான்.

அவன் ஆட்டத்தைப் பார்த்த ரஹீம் சாகிப், ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பையனுக்கோ தினமும் அவ்வளவு தூரம் போய் வர வழியில்லை. சைக்கிள் கிடையாது. அதைச் சொன்னதும், 'அப்படியானால் வேண்டாம்' என்று அவர் விட்டுவிடவில்லை. வாடகை சைக்கிளுக்கு ஆகும் பணத்தைத் தாமே கொடுத்தார்.

அந்தச் சைக்கிள் எதுவரை போனது தெரியுமா? ஒலிம்பிக் வரை போனது! 1956 மெல்போர்ன், 1960 ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் அணிகளில் பலராம் இடம் பெற்றார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். இந்தியாவின் மிகச்சிறந்த முன்கள வீரர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினார். 2023இல்தான் அவர் காலமானார்.

மெல்போர்னில் ஓர் அதிசயம்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். அங்கே இந்தியா, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா என்ற நம் வீரர் மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவர்தான். இந்தியா அரை இறுதிக்குப் போனது. ஆசியாவிலிருந்து அதுவரை எந்த நாடும் ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போனதில்லை.

அரை இறுதியில் எதிரே வந்தது யார்? அதே யூகோஸ்லாவியா! நான்கு ஆண்டுக்கு முன் பத்துக் கோல் போட்ட அணி. இந்த முறை இடைவேளை வரை அவர்களால் ஒரு கோலும் போட முடியவில்லை. இடைவேளைக்குப் பிறகு முதல் கோலை அடித்ததே நாம்தான்! பிறகு அவர்கள் சுதாரித்துக்கொண்டு 4-1 என்று வென்றார்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது.

பதக்கம் கிடைக்கவில்லை. ஆனாலும் 10-1 எங்கே, 4-1 எங்கே? முன்னேற்றம் என்பது இதுதான் கண்ணுகளா.

1960இல் ரோம் ஒலிம்பிக்கிலும் நம் அணி நன்றாகப் போராடியது. ஹங்கேரியிடம் 2-1 என்று குறைந்த வித்தியாசத்தில் தோற்றது. பிரான்ஸோடு 1-1 என்று சமன் செய்தது.

ஜகார்த்தாவில் ஒரு லட்சம் பேர்

இனி 1962க்கு வருவோம். இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. ரஹீம் சாகிப்புக்கு உடம்பு சரியில்லை. நுரையீரலில் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நிலையிலும் அணியோடு புறப்பட்டார்.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் ஜர்னைல் சிங் என்ற முக்கியமான தடுப்பாட்டக்காரருக்குத் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதிக்குப் போனோம்.

இப்போது வாத்தியார் ஒரு காரியம் செய்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைத் தடுப்பாட்டத்தில் நிறுத்தாமல், முன்னால் கோல் அடிக்கும் இடத்தில் நிறுத்தினார். எதிரணிக்கு ஒன்றும் புரியவில்லை. அரை இறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று வென்றோம். அதில் ஒரு கோல் ஜர்னைல் சிங் அடித்தது.

செப்டம்பர் 4ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். அவர்களில் பெரும்பாலோர் இந்தியா தோற்க வேண்டும் என்று கத்தினார்கள். ஏன் தெரியுமா? இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டிக்கு வரவிடவில்லை. அது சரியல்ல என்று இந்திய அதிகாரி ஒருவர் சொன்னார். அந்தக் கோபம் நம் வீரர்கள்மேல் திரும்பியது. நம் தேசிய கீதம் ஒலித்தபோதுகூடக் கூச்சல் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கை தட்டியவர்கள் மிகச் சிலர். அவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்களும் இருந்தார்கள் என்று நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள்.

ஆட்டத்துக்கு முன் ரஹீம் சாகிப் தம் பிள்ளைகளிடம் அதிகம் பேசவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது இந்தத் தங்கம்தான் என்று மட்டும் கேட்டார்.

காய்ச்சலில் கிடந்த கோல் கீப்பர் தங்கராஜ் எழுந்து வந்து கோல் காத்தார். தலைக்கட்டோடு ஜர்னைல் சிங் இறங்கினார். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல்! அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நம் பிள்ளைகள் கோட்டை போலக் காத்து நின்றார்கள். கொரியா கடைசி நேரத்தில் ஒரு கோல் போட்டது. அவ்வளவுதான். 2-1. தங்கம் நமக்கு!

அணியில் இருந்த பெயர்களைப் பாருங்கள். தங்கராஜ், பலராம், அருமைநாயகம், எத்திராஜ், சந்திரசேகர், ஜர்னைல் சிங், யூசுப் கான், ராம் பகதூர், பிராங்கோ, சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி, அருண் கோஷ்... எத்தனை ஊர், எத்தனை மொழி, எத்தனை மதம்! அணித் தலைவர் சுனி கோஸ்வாமி. எல்லோருக்கும் வாத்தியார் ஒருவர்.

இதில் தங்கராஜுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெல்லிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் ஆடியவர். முன்னால் நின்று ஆடிக்கொண்டிருந்தவர், பிறகு கோல் கீப்பராக மாறினார். அந்த அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. நம் பவானி ஆறு பிறக்கும் அதே நீலகிரியில்தான் அவர் ஆட்டமும் வளர்ந்தது!

அதற்குப் பிறகு

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய பிறகு ரஹீம் சாகிப்பின் நோய் முற்றியது. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி அவர் காலமானார். தங்கம் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அவருக்கு வயது 53.

அவருக்குப் பின் என்ன ஆயிற்று? 1970இல் ஆசியப் போட்டியில் நமக்கு வெண்கலம் கிடைத்தது. ஆனால் 2023இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டி வரை, இந்தியா கால்பந்தில் மறுபடி தங்கம் வாங்கவே இல்லை. 1960க்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் கால்பந்தில் ஆடவும் இல்லை.

1962இல் நம்மிடம் 2-0 என்று தோற்ற ஜப்பான் என்ன செய்தது என்று பார்ப்போம். 1960இலேயே ஜெர்மனியிலிருந்து தெத்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை அழைத்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். விடாமல் கற்றார்கள். கென் நகானுமா என்ற முன்னாள் வீரர் பயிற்சியாளர் ஆனார். அவர் தலைமையில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. பின்னாளில் அவரே ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவரும் ஆனார். சபுரோ கவாபுச்சி என்ற இன்னொரு வீரர், 1993இல் ஆட்டங்களைத் தொடங்கிய 'ஜே லீக்' என்ற தொழில்முறைப் போட்டிக்கு முதல் தலைவராக இருந்தார். 1998 முதல் 2022 வரை ஒவ்வோர் உலகக் கோப்பையிலும் ஜப்பான் ஆடியது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆடியவர்களே பயிற்சியும் கொடுத்து, சங்கத்தையும் நடத்தினார்கள். ஒருவர் போனால் அடுத்தவர் தயாராக இருந்தார். நம்மிடமும் அப்படி மூன்று வேலையும் பார்த்த ஒரு மனிதர் இருந்தார். அவர் போனதும் அந்த இடம் காலியாகவே நின்றுவிட்டது. நாம் அவரை மறந்தும் போனோம். 2024இல் 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதையைச் சொல்ல வந்தபோதுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

ஒரு நாள் முந்திய பரிசு

குழந்தைகளே, இன்னொரு செய்தி சொல்லி முடிக்கிறேன். டாக்டர் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான ஆண்டு 1962. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதிதான் நம் நாட்டில் முதன்முதலாக ஆசிரியர் தினம் கொண்டாடப்பட்டது. ஜகார்த்தா இறுதி ஆட்டம் எந்த நாள்? செப்டம்பர் 4! நாடு முதல் ஆசிரியர் தினம் கொண்டாடுவதற்கு ஒரு நாள் முன்பு, ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்கு அவருடைய மாணவர்கள் தங்கத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். இதைவிடப் பெரிய பரிசு எந்த ஆசிரியருக்குக் கிடைக்கும்?

அந்த மைதானத்துப் பையனிடம் நான் இந்தக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு போய், சுவரைப் பார்த்து இடது காலால் உதைத்தான். பந்து எங்கேயோ போனது. சிரித்துக்கொண்டே ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி உதைத்தான். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது இருபதாவது தடவையாக உதைத்துக்கொண்டிருந்தான்.

நீங்களும் இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். 'எனக்கு வராது' என்று நீங்கள் ஒதுக்கிவைத்திருக்கும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கால் உதையோ, பதினேழாம் வாய்ப்பாடோ, மேடையில் பேசுவதோ, எதுவாகவும் இருக்கட்டும். தினமும் பத்து நிமிடம் அதையே பழகுங்கள். முதல் நாள் 10-1 என்று தோற்றாலும் பரவாயில்லை. அடுத்த நாளும் மைதானத்துக்குப் போங்கள்.

உங்கள் பக்கத்தில் சைக்கிள் இல்லாத ஒரு பலராம் இருக்கலாம். அவனையும் உங்கள் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

வாழ்த்துகள்!

நினைவில் வையுங்கள்

1909 – சையது அப்துல் ரஹீம் பிறப்பு
1943 – ஹைதராபாத் கால்பந்துச் சங்கச் செயலாளர்
1950 முதல் 1954 வரை – ஹைதராபாத் போலீஸ் அணிக்குத் தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பைகள்
1951 – டெல்லி ஆசியப் போட்டியில் தங்கம்
1956 – மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம்
1962 – ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கம்
1963 – மறைவு